காவிரியின் தாய்வீடு

தஞ்சை வயல்களுக்குப் பாயும் நீர் குடகு மலையில் பிறக்கின்றது. பிரம்மகிரிச் சாரலில், கடல் மட்டத்திற்குச் சுமார் 1,276 மீட்டர் உயரத்திலுள்ள தலைக்காவிரியே அதன் உற்பத்தி ஸ்தானமாகும். மாயூரத்தில் துலா ஸ்நானம் தொடங்கும் அதே புண்ணிய காலத்தில் அங்கும் யாத்திரிகர் திரளாகக் கூடுவர்.

குளக்கரையிலிருந்து படிகள் ஏறிச் சிகரத்தை அடைவோர், மேடுகளில் புல்வெளியையும் பள்ளங்களில் அடர்ந்த சோலைகளையும் காண்பர். இக்காட்சி கண்ணுக்கு மட்டும் விருந்தன்று. தென்மேற்குப் பருவமழையின் வேகத்தைத் தழையும் புல்லும் தாங்குகின்றன. சருகு மக்கிய மண் நீரை உறிஞ்சிச் சிறுகச் சிறுக ஓடைகளில் விடுகின்றது. அவ்வாறே வயநாட்டு மலைகள் கபினியை வளர்க்கின்றன. 1934-இல் கட்டி முடிந்த மேட்டூர் அணை பெரிதும் இம்மலைமழையையே நம்பியுள்ளது. ஜூன் 12-இல் அணை திறப்பது வழக்கமாயினும், மழை குன்றிய ஆண்டுகளில் திறப்பு தாமதித்துக் குறுவை பிந்தியதைக் குடியானவர்கள் நன்கறிவர்.

அறுவடை முடிந்து ஓய்வாக மாசி, பங்குனியில் மலை காணச் செல்வோர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அப்போது புல் காய்ந்திருக்கும். அணையாத ஒரு பீடித்துண்டு போதும். புல் எரிந்த சரிவில் மழைநீர் தங்காது. மண்ணையும் வாரிக்கொண்டு ஓடும். ஆதலின் யாத்திரை புறப்படுவோருக்குக் கிராம அதிகாரிகள் இதனை முன்னரே எடுத்துரைப்பது நலம். தலைமடையைக் காப்பது கடைமடைக்கும் கடமையே.