காலதரும் அடுப்பும்: கள்ளக்குறிச்சிப் பகுதி இல்லங்களில் காற்றோட்டப் பயன்பாடு

முன்னுரை

வீட்டிற்குள் காற்று வந்து செல்லும் வழியைப் பண்டைத் தமிழர் 'காலதர்' என்றனர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. வழி அமைந்திருத்தல் வேறு. அது திறந்திருத்தல் வேறு. இவ்வேறுபாட்டைத் திருநாவலூரை உள்ளடக்கிய கள்ளக்குறிச்சி மாவட்டச் சூழலில் இக்கட்டுரை விளக்குகின்றது.

இலக்கியச் சான்று

வேனிலில் தென்றலைத் தந்த சாளரம் கூதிர்க்காலத்தில் தாழிடப்படுவதையும், தடவில் நெருப்பிட்டு மக்கள் குளிர்காய்வதையும் நெடுநல்வாடை காட்டுகின்றது. உள்ளே நெருப்பு எரியும் காலத்திலேயே காற்றுவழி அடைபடுகின்றது. சாளரத்தைத் திறப்பதையும் மூடுவதையும் உடல் உணரும் தட்பவெப்பமே முடிவு செய்கின்றது என்பது இதனால் பெறப்படும்.

வீட்டமைப்பும் பழக்கமும்

கூரை வீட்டிலும் ஓட்டு வீட்டிலும் சுவருக்கும் கூரைக்கும் இடைப்பட்ட சந்து வழியே புகை தானே வெளியேறும். தளம் போட்ட வீட்டில் அச்சந்து இல்லை. எனவே காற்றோட்டம் சாளரத்தையும் புகைபோக்கி விசிறியையும் இயக்குவோரின் விருப்பத்தைச் சார்ந்ததாகின்றது. கொசு, மழைச்சாரல், திருட்டு அச்சம், தெருவோர் பார்வை, விசிறியின் இரைச்சல், மின்கட்டணம் ஆகியன அவ்விருப்பத்தைக் குறைக்கின்றன. வெப்ப ஈரப்பதப் பகுதிகளில் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறப்பு வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. மூடிய சாளரம் அவ்வளவைப் பெயரளவினதாக்கிவிடுகின்றது.

எரிபொருள் மாற்றம்

இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கருவுற்ற பெண்களிடையே 'ஹேப்பின்' ஆய்வு நடைபெற்றது. இந்தியக் களங்களுள் கள்ளக்குறிச்சியும் ஒன்று. எரிவாயு பெற்ற பெண்கள் சுவாசித்த நுண்துகளின் இடைநிலை அளவு கனமீட்டருக்கு 23.9 மைக்ரோகிராம், விறகு முதலியவற்றைத் தொடர்ந்தோர்க்கு அது 70.7. எனினும், 2022இல் வெளியான முடிவில் குழந்தைகளின் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் 24 மணிநேர வழிகாட்டு அளவு 15 மட்டுமே. தாளிப்புப் புகையும் அண்டை வீட்டு விறகுப் புகையும் எரிவாயு அடுப்பால் மறைவதில்லை. அண்டைப் புகை சூழ்ந்த வேளையில் சாளரத்தைத் திறப்பது அதனை உள்ளே அழைப்பதாகவும் முடியும்.

முடிவுரை

தூய எரிபொருள் இன்றியமையாதது. ஆயின் அது மட்டும் போதாது. அடுப்புக்கு மேலேயே புகை வெளியேறும் வழி, கொசுவலையிட்ட சாளரம், சாரல் தடுக்கும் சாய்ப்பு ஆகியன அமைந்தால் திறந்து வைப்பதற்கான தடைகள் குறையும். சமையலறையில் நெடுநேரம் நிற்பவரின் வசதியை அளவுகோலாகக் கொண்டே காற்றுவழியைத் திட்டமிடுதல் வேண்டும்.