தென் பெருங்கடலின் உறையாத மேகங்கள்

தண்ணீர் பூஜ்ஜியம் டிகிரி செல்சியஸில் உறையும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். மேகங்கள் இந்தப் பாடத்துக்கு முழுமையாகக் கட்டுப்படுவதில்லை. மேகத்தில் உள்ள தூய நீர்த்துளி ஏறத்தாழ மைனஸ் 38 டிகிரி வரை உறையாமலேயே இருக்கக்கூடும். அதற்கு முன்னரே அது உறைய வேண்டுமானால், நீரின் மூலக்கூறுகள் படிகமாக ஒழுங்குபெறுவதற்குத் தகுந்த ஒரு நுண்துகள் துணைபுரிய வேண்டும். அதுவே பனிக்கரு.

காற்றில் மிதக்கும் லட்சக்கணக்கான துகள்களில் ஒன்றிரண்டு மட்டுமே இத்தகுதியைப் பெற்றவை. பாலைவனங்களிலிருந்து எழும் கனிமத் தூசியும் சிலவகை பாக்டீரியாக்களும் அவற்றுள் முக்கியமானவை. அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த தென் பெருங்கடலிலோ நிலப்பரப்பு அரிது, தூசியும் குறைவு. அங்கு அலைகள் உடையும்போது வெடிக்கும் நீர்க்குமிழிகள், உப்புடன் கடல் நுண்ணுயிரிகளின் கரிமப் பொருள்களையும் காற்றில் ஏற்றுகின்றன. அந்தக் கரிமப் பொருள்களே பனிக்கருவாகின்றன. ஆனால், அவற்றின் எண்ணிக்கை மிகச் சொற்பம். எனவே, கடுங்குளிரிலும் அம்மேகங்கள் பெரும்பாலும் நீராகவே நீடிக்கின்றன.

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். எண்ணற்ற சிறு நீர்த்துளிகளாலான மேகம், சூரிய ஒளியை மிகுதியாகத் திருப்பி அனுப்புகிறது. பனி உருவாகிவிட்டால், படிகங்கள் துளிகளின் நீரை ஈர்த்துப் பெருத்துக் கீழே விழுகின்றன, மேகம் மெலிகிறது, கடல் கூடுதல் வெப்பத்தை உள்வாங்குகிறது. கணினிவழிக் காலநிலை மாதிரிகள் பலவும் இம்மேகங்களில் பனியை அதிகமாகவும் நீரைக் குறைவாகவும் கணக்கிட்டுவந்தன.

இப்பிழையின் விளைவு சிறிதன்று. பூமி வெப்பமடையும்போது மேகத்தின் பனி நீராக மாறி, ஒளியைக் கூடுதலாகத் திருப்பி அனுப்பி, வெப்பத்தை ஓரளவு தணிக்கும். உருகுவதற்கு அங்கே பனியே குறைவு என்றால், அந்தத் தணிப்பும் குறைவாகவே கிட்டும். அவ்வாறாயின், எதிர்கால வெப்ப உயர்வு பழைய மதிப்பீடுகளைவிட அதிகமாக இருக்கக்கூடும் என 2016-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு எச்சரித்தது.

1973-இல் வெளியான கீத் பிக்கின் அளவீடுகளே இக்கடற்பரப்புக்கு நெடுங்காலம் ஆதாரமாக இருந்தன. ஆஸ்திரேலியாவின் 'இன்வெஸ்டிகேட்டர்' கப்பல் 2016-இல் மேற்கொண்ட அளவீடுகளில், பனிக்கருக்கள் அதைவிட மிகக் குறைவாகவே காணப்பட்டன. கணினி எவ்வளவு ஆற்றல் மிக்கதாயினும், கடலுக்கே சென்று அளப்பதற்கு ஈடாகாது என்பதையே இது உணர்த்துகிறது.

இந்தியாவும் 2004 முதல் தென் பெருங்கடலுக்கு ஆய்வுப் பயணங்களை மேற்கொண்டு வருகிறது. அப்பயணங்களில் பனிக்கரு அளவீட்டுக்கு உரிய இடமும் நிதியும் அளிக்கப்பட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத துகளை எண்ணுவது வீண் செலவன்று. வரும் தலைமுறை எதிர்கொள்ளவிருக்கும் வெப்பத்தை முன்கூட்டியே அறிவதற்கான வழி அது.