நெல்லி மரமும் சோளகர் நெருப்பும்

செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வரும்போது, சாலையோரத்து வேப்பமரங்களையும் மாமரங்களையும் சற்று அண்ணாந்து பாருங்கள். சில கிளைகளில் அந்த மரத்துக்குச் சொந்தமில்லாத இலைகள் கொத்தாகத் தெரியும். அதுதான் புல்லுருவி. இதன் பழத்தைத் தின்னும் சிறு பறவை, பசையுள்ள விதையைக் கிளையில் தேய்த்துவிட்டுப் பறந்துவிடும். விதை முளைத்துப் பட்டையைத் துளைத்து, மரத்தின் நீரையும் தாது உப்புகளையும் உறிஞ்சும். இது பெருகினால் காய்ப்பு குறையும், கிளைகள் காயும், நாளடைவில் மரமே பட்டுப்போகலாம்.

ஒரு மரம் என்றால் வெட்டி நீக்கலாம். காடு முழுவதும் பரவினால்? சத்தியமங்கலம் காட்டை ஒட்டிக் கர்நாடகத்தில் உள்ள பிலிகிரிரங்கன் மலையில், காட்டு நெல்லி மரங்களுக்கு இந்நிலை ஏற்பட்டது. அங்கு வாழும் பழங்குடியினரான சோளகருக்கு நெல்லிக்காய் பறிப்பது ஒரு பிழைப்பு.

முற்காலத்தில் அவர்கள் கோடை முற்றுவதற்கு முன்பே உதிர்ந்த சருகுக்குச் சிறு தீ வைப்பார்கள். 1974-இல் அம்மலை வனவிலங்குச் சரணாலயமாயிற்று. தீ வைப்பதும் தடுக்கப்பட்டது. அதன் பிறகே புல்லுருவி பெருகி, உண்ணிச்செடியும் மண்டியது என்கிறார்கள் சோளகர். நெல்லி குறைவதற்குக் காய் பறிப்பதே காரணமோ என்று ஆராய்ந்த அறிஞர்கள், புல்லுருவிக்கும் உண்ணிச்செடிக்கும் அதில் பெரும் பங்கு உண்டு என்று பின்னர் கண்டனர்.

தீ மரத்தைக் கொல்லாதா? இங்கேதான் இயற்பியல் வருகிறது. மரப்பட்டை ஓர் அரிதிற்கடத்தி. வெப்பம் அதைக் கடக்கும் நேரம், ஏறத்தாழப் பட்டையின் தடிமனுடைய வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். தடிமன் இரு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். சருகுத் தீயோ ஓரிடத்தில் நெடுநேரம் நிற்காது. ஆகவே முதிர்ந்த மரம் பிழைத்துக்கொள்ளும். மெல்லிய தண்டுள்ள செடிகள் கருகிவிடும்.

அப்படியானால் இன்றே மீண்டும் தீ வைக்கலாமா? கூடாது. ஆள் உயரம் வளர்ந்த உண்ணிச்செடி வழியாகத் தீ, ஏணியில் ஏறுவதுபோல் கிளைகளுக்கு ஏறிவிடும். முதலில் உண்ணிச்செடியை அகற்ற வேண்டும். புல்லுருவியை வெட்ட வேண்டும். காட்டை அறிந்தவர்கள் துணையின்றி இது நடவாது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி, 2011-இல் அம்மலைச் சோளகரின் சமூக வன உரிமை ஏற்கப்பட்டது.

மாணவர்களே, காட்டில் நீங்கள் ஒருபோதும் தீ மூட்டாதீர்கள். உங்கள் தெரு மரத்தில் புல்லுருவி தெரிந்தால், அது பழுக்கும் முன் பெரியவர்களிடம் சொல்லுங்கள். ஒட்டிய இடத்துக்குச் சற்று உட்புறமாகக் கிளையோடு வெட்டினால்தான் அது மீண்டும் தளிர்க்காது.