உக்ரைனில் குண்டு, மன்னாரில் பசி: ‘பொருளாதார அகதி’ என்ற பெயர் எப்படி வந்தது? அதனால் யாருக்குச் சிக்கல்?

2022 மார்ச் 22. உக்ரைனுக்குள் ரஷ்யப் படைகள் புகுந்து நான்காவது வாரம். எந்த சேனலைத் திருப்பினாலும் கீவ், மரியுபோல், இடிந்த கட்டடங்கள். அன்றைக்குத்தான் தனுஷ்கோடி அரிச்சல்முனையை ஒட்டிய மணல்திட்டில் ஆறு பேர் தவித்துக்கொண்டிருப்பதாகத் தகவல் வந்தது. கைக்குழந்தையும் அவர்களில் ஒன்று. படகுக்காரர் திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டார். கடலோரக் காவல்படை ஹோவர்கிராஃப்ட்டில் போய் மீட்டது. இரவில் இன்னொரு படகில் பத்து பேர் வந்தார்கள். ஒரே நாளில் 16 பேர்.

வட இலங்கையிலிருந்து தனுஷ்கோடிக்கு ஆட்கள் வருவது ராமநாதபுரம் மாவட்டத்துக்குப் புதிதில்லை. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அலை அலையாக வந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். ஆனால் இந்த 16 பேரிடம் ஏன் வந்தீர்கள் என்று கேட்டபோது கிடைத்த பதில் வேறு. குண்டு விழவில்லை, சுடவில்லை. அரிசி, பால் மாவு வாங்க முடியவில்லை, வேலை இல்லை. மறுநாளே செய்திகளில் ஒரு சொல் ஒட்டிக்கொண்டது: ‘பொருளாதார அகதிகள்’.

சரி, உக்ரைன் போருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இலங்கையின் பள்ளம் போருக்கு முன்பே தோண்டியாகிவிட்டது. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு, அதே ஆண்டுக் கடைசியில் வரிக்குறைப்பு, அடுத்து கொரோனா, 2021இல் ரசாயன உரத்துக்குத் தடை. 2022இல் கட்ட வேண்டிய வெளிநாட்டுக் கடன் தவணை சுமார் 700 கோடி டாலர். பிப்ரவரி கடைசியில் கையிருப்பு 230 கோடி டாலர்தான்.

அந்த நேரத்தில்தான் போர் வந்தது. மார்ச் முதல் வாரத்தில் கச்சா எண்ணெய் பீப்பாய் 130 டாலரைத் தொட்டது. கொரோனாவுக்குப் பிறகு இலங்கைக்கு அதிகமாக வந்துகொண்டிருந்த சுற்றுலாப் பயணிகளில் ரஷ்யர்களும் உக்ரைனியர்களும் முன்வரிசையில் இருந்தார்கள். அவர்கள் வரவு சரிந்தது. டாலர் வரும் வழி அடைபட்டது, டாலர் போகும் வழி அகலமானது. மார்ச் 7ஆம் தேதி இலங்கை மத்திய வங்கி ரூபாயின் பிடியைத் தளர்த்தியது. ஒரு டாலர் 200 ரூபாய் என்றிருந்தது, சில வாரங்களில் 300ஐத் தாண்டியது. 400 கிராம் பால் மாவு பாக்கெட் 790 ரூபாய் ஆனது. ஏப்ரல் 12ஆம் தேதி, வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று கொழும்பு அறிவித்துவிட்டது.

அதாவது தனுஷ்கோடித் திட்டில் இறங்கிய கைக்குழந்தைக்கும் கீவ் நகரக் குண்டுவீச்சுக்கும் நடுவே ஒரு சங்கிலி இருக்கிறது. செய்தியில் அந்தச் சங்கிலி தெரியவில்லை. உக்ரைன் உலகச் செய்தியில், எண்ணெய் விலை வணிகச் செய்தியில், தனுஷ்கோடி மாவட்டச் செய்தியில் என்று மூன்றும் மூன்று கட்டத்தில் ஓடின.

2008-09இல் இதற்கு நேர் தலைகீழ். அப்போது நிதி நெருக்கடி தூரத்தில், போர் பக்கத்தில். 2008 செப்டம்பர் 15இல் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் திவாலானது. மறுபக்கம் வன்னியில் இறுதிப் போர். போர்ப் பகுதிக்குள் சுதந்திரமாகச் செய்தி சேகரிக்கப் பத்திரிகையாளர்களுக்கு அனுமதி இல்லை. பங்குச்சந்தையின் சரிவு நிமிடத்துக்கு நிமிடம் திரையில் தெரிந்தது. வன்னியில் எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்கு இன்றைக்கும் எல்லோரும் ஒப்புக்கொண்ட கணக்கில்லை. தப்பிக் கரையேறிய அகதிகள் சொன்னதே தமிழ்நாட்டுக்குக் கிடைத்த நேரடிச் சாட்சியம். போர் முடிந்த இரண்டாவது மாதம், 2009 ஜூலையில், இலங்கைக்கு ஐஎம்எஃப் 260 கோடி டாலர் கடன் கொடுத்தது. அது வணிகப் பக்கத்தில் ஒரு சின்னச் செய்தி.

2022இல் செய்தியாளர்கள் போகத் தடையில்லை. தட்டுப்பாடு வேறு விதத்தில் வந்தது. மார்ச் கடைசியில் ‘தி ஐலண்ட்’, ‘திவயின’ நாளிதழ்கள் அச்சுக் காகிதம் கிடைக்காமல் சனிக்கிழமை இதழ்களை இணையத்தில் மட்டும் வெளியிட்டன. நெருக்கடியை எழுத வேண்டிய பேப்பருக்கே பேப்பர் இல்லை.

2,000 பேர் வந்தார்களா?

முதல் படகு வந்ததுமே, அடுத்து 2,000 பேர் வரப்போகிறார்கள் என்று பல ஊடகங்களில் செய்தி ஓடியது. அப்படி ஒரு அலை வரவில்லை. குடும்பம் குடும்பமாக, நாலு பேர், ஆறு பேர் என்று இருட்டில் வந்தார்கள். சில மாதங்களில் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. அந்தச் சமயம் கேமராக்கள் கொழும்பு அதிபர் மாளிகைக்குப் போயிருந்தன. ஜூன் கடைசியில் கோதண்டராமர் கோயில் பக்கம் கடற்கரையில் வயதான தம்பதி மயங்கிக் கிடந்தார்கள். அந்த அம்மா சில நாட்களில் மதுரை அரசு மருத்துவமனையில் இறந்துபோனார். பெரிய எண் தலைப்பில் ஏறியது. இரண்டு பேர் என்பது ஒருநாள் செய்தி.

பெயரில் என்ன இருக்கிறது?

இருக்கிறது. 1951ஆம் ஆண்டு ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையின்படி இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, குறிப்பிட்ட சமூகக் குழு ஆகிய காரணங்களுக்காகத் துன்புறுத்தலுக்கு அஞ்சி வருபவர்தான் அகதி. அதில் பசி கிடையாது. ‘பொருளாதார அகதி’ என்று எந்தச் சட்டத்திலும் ஒரு வகை இல்லை. புழக்கத்தில் வந்த சொல் அது. இந்தியா அந்த உடன்படிக்கையில் கையெழுத்தும் போடவில்லை. ஆகவே முதலில் வந்தவர்கள் மீது பாஸ்போர்ட் இல்லாமல் நுழைந்ததாக வழக்குப் பதிவானது. பிறகுதான் மண்டபம் முகாமில் இடம். சாப்பாட்டையும் தங்குமிடத்தையும் மாநில அரசு பார்த்துக்கொண்டது.

போருக்குத் தப்பி வந்தவர், பசிக்குத் தப்பி வந்தவர் என்று பிரிப்பதும் அவ்வளவு லேசில்லை. 2022இல் வந்தவர்களில் முன்பு போர்க்காலத்தில் இங்கே முகாமில் இருந்துவிட்டு, சண்டை முடிந்ததே என்று ஊர் திரும்பியவர்களும் உண்டு.

இப்போது நிலைமை என்ன?

2025 செப்டம்பரில் புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கூடவே மத்திய உள்துறை அமைச்சகம் ஒரு விலக்கு ஆணை வெளியிட்டது. இந்தியாவில் தஞ்சமடைந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்காக நடவடிக்கை கிடையாது. ஆனால் அவர்கள் 2015 ஜனவரி 9ஆம் தேதிக்குள் வந்திருக்க வேண்டும். அதே ஆணையில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த சிறுபான்மையினருக்குக் கெடு 2024 டிசம்பர் 31.

தனுஷ்கோடி மணல்திட்டில் இறங்கியவர்கள் வந்த ஆண்டு 2022. முதல் தேதிக்கு அவர்கள் ஏழு ஆண்டு தாமதம். இரண்டாவது தேதி அவர்களுக்கானது இல்லை.