படம் சொல்லாததைப் பாட்டு சொல்லட்டும்

தோட்டத்துப் பறவையையோ அந்திப் பொழுதையோ படமெடுத்து, அருகே குறுங்கவிதை எழுதுவது இனிய கலை. ஜப்பானியக் கவிஞர் யோசா பூசோன் (1716–1784) தம் ஓவியத்தையும் ஹைக்கூவையும் ஒரே தாளில் இணைத்தார். ‘ஹைகா’ என்பது அக்கலையின் பெயர். ஹைக்கூவைத் தமிழருக்கு ஆர்வத்துடன் அறிமுகப்படுத்தியோருள் கவிக்கோ அப்துல் ரகுமான் (1937–2017) குறிப்பிடத்தக்கவர்.

இக்கலைக்கு ஒரு நியதி உண்டு. படத்தில் தெரிவதையே கவிதை மீண்டும் கூறலாகாது. தையல்சிட்டின் பச்சை முதுகைப் படமே காட்டிவிடும். இலையோரங்களைத் துளைத்து, பஞ்சாலும் சிலந்தி நூலாலும் அது கூடு தைக்கும் வியப்பைக் கவிதை பாடட்டும்:

ஊசியில்லை,
உஸ்தாதும் இல்லை;
இலை தொட்டிலாயிற்று.

அவ்வாறே, செவ்வானத்தைப் படம் காட்டும். மஃரிபு பாங்கொலியைக் கவிதைதான் கேட்பிக்க வேண்டும்.

திருக்குர்ஆனின் அல்முல்க் அத்தியாயம் 19ஆம் வசனம், வானில் சிறகு விரிக்கும் பறவைகளின்பால் நம் பார்வையைத் திருப்புகிறது. நம் பிள்ளைகளோ கைப்பேசியில் படமெடுத்த மறுகணமே பறவையை மறந்துவிடுகின்றனர். மூன்று வரி எழுத வேண்டுமாயின் மீண்டும் உற்று நோக்கியே ஆகவேண்டும். அந்நோக்கு சிந்தனையைத் தரும். சிந்தனை, படைத்தவனுக்கு நன்றி செலுத்தும் உள்ளத்தைத் தரும்.

பெற்றோர்களே! வாரம் ஒரு படம், மூன்று வரி என உங்கள் இல்லங்களில் இன்றே தொடங்குங்கள்.