பால் விலக்கிய தாய்க்குப் போதிய உணவு

கைக்குழந்தையின் மலத்தில் சளியும் இரத்தக் கீற்றும் கண்டு வைத்தியரிடம் கொண்டுசெல்லும்போது, சில வேளைகளில் அவர், தாய் சில வாரங்களுக்குப் பால், தயிர், மோர், நெய் ஆகியவற்றை நீக்கி வைக்க வேண்டும் என்று கூறுவதுண்டு. வீட்டார் அவ்வறிவுரையின் ஒரு பாதியை மட்டுமே பெரும்பாலும் கைக்கொள்கின்றனர். நீக்கச் சொன்னவை நீக்கப்படுகின்றன. அவற்றின் இடத்தில் வேறொன்றும் வைக்கப்படுவதில்லை. பிரசவப் பத்தியத்தால் முன்னரே குறுகியிருந்த தாயின் இலை மேலும் குறுகி, சோறும் மிளகு ரசமும் பூண்டுக் குழம்புமாக நின்றுவிடுகிறது. குழந்தை தேறுகிறது, தாய் இளைக்கிறாள். விடுபட்டுப்போகும் அந்த மற்றொரு பாதியைக் குறித்தே இங்கு எழுதுகின்றோம்.

நம் அங்கத்தினருள் பலர் பால் கூட்டுறவுச் சங்கத்திலும் உறுப்பினர். பாலைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. தாய்ப்பால் மட்டுமே உண்ணும் குழந்தைகளில் மிகச் சிலருக்கே, நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே, பசும்பாலின் புரதம் ஒவ்வாமை தருகிறது. தாய் அருந்திய பாலின் புரதம் அணுவளவு அவள் இரத்தத்தில் கலந்து தாய்ப்பாலிலும் வந்துசேர்வதே அதற்குக் காரணம். ஆகவே குழந்தை அழுகிறது, வயிறு உப்புகிறது என்பதற்காக வீட்டார் தாமாகவே பாலை நிறுத்துதல் தகாது. பாலில் உள்ள சர்க்கரை ஒத்துக்கொள்ளாமை என்பது முற்றிலும் வேறு. அச்சர்க்கரை தாயின் மார்பிலேயே உண்டாவது. அவள் பால் குடித்தாலும் குடியாவிட்டாலும் தாய்ப்பாலில் அதன் அளவு மாறுவதில்லை.

வைத்தியர் கூறும் முறை ஒரு சோதனையாகும். இரண்டு முதல் நான்கு வாரம் வரை பாலை நீக்குவர். குறி தணிந்தால் மீண்டும் சிறிது பாலைத் தாய்க்குக் கொடுத்துப் பார்ப்பர். குறி திரும்பினால்தான் பால் ஒவ்வாமை என்பது உறுதி. இந்த இரண்டாம் படியைச் செய்யாமல் விட்டதனாலேயே வீணாக ஓராண்டு பாலின்றி இருக்கும் தாய்மார் உண்டு. ஆட்டுப்பாலோ எருமைப்பாலோ மாற்றாக உதவா. அவற்றின் புரதமும் பசும்பாலின் புரதத்தை ஒத்ததே. தாய்ப்பாலை நிறுத்தி டின் பால்மாவுக்கு மாறுவது இன்னும் தவறு. சாதாரணப் பால்மாவு பசும்பாலிலிருந்தே செய்யப்படுவது. குழந்தையின் முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ சோதனைக்கெல்லாம் இடமில்லை. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இனி உணவுக்கு வருவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ஆம் ஆண்டில் வகுத்த அளவின்படி, பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதம் வழக்கத்தினும் நாளொன்றுக்கு 600 கலோரியும் 17 கிராம் புரதமும் கூடுதலாக வேண்டும். சுண்ணாம்புச் சத்து 1,200 மில்லிகிராம் வேண்டும். தாய் குறைவாக உண்டால் பால் உடனே வற்றிவிடாது. அதனால்தான் வீட்டாருக்கு அபாயம் தெரிவதில்லை. குழந்தைக்கு வேண்டியதை உடல் தாயின் எலும்பிலிருந்தும் தசையிலிருந்தும் எடுத்துக் கொடுக்கிறது. குழந்தை கொழுகொழுவென்றிருக்க, தாய்க்கு முதுகுவலியும் மயக்கமும் காண்கின்றன.

நாள்தோறும் பாலும் தயிருமாக அரை லிட்டர் கொண்டுவந்த ஒரு தாய் அதை நிறுத்தினால் இழப்பது ஏறத்தாழ 330 கலோரி, 16 கிராம் புரதம், 600 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து. இதை நம் வயல்களில் விளைவனவற்றைக் கொண்டே ஈடுசெய்யலாம். நிலக்கடலை 50 கிராமும் எள் 25 கிராமும் சேர்ந்தால் 400 கலோரியும் 16 கிராம் புரதமும் கிடைத்துவிடுகின்றன. எள்ளில் 300 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. ஆனால் தோல் நீக்காத எள்ளாக இருத்தல் வேண்டும், தோலோடு அச்சத்தில் பெரும்பகுதி போய்விடும். ஒருவேளைச் சோற்றுக்குப் பதிலாக 100 கிராம் கேழ்வரகு மாவைக் களியாகவோ அடையாகவோ கொண்டால் மற்றொரு 340 மில்லிகிராம் சேர்கிறது. கணக்கு ஏட்டில் சரியாகிவிட்டது.

உடல் ஏட்டுக் கணக்கை அப்படியே ஏற்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கேழ்வரகிலும் எள்ளிலும் உள்ள சுண்ணாம்புச் சத்து பாலில் உள்ளது போல எளிதில் உடலில் சேராது. கேழ்வரகை முளைகட்டி அரைத்தால் சற்றுக் கூடுதலாகச் சேரும். கீரைகளில் முருங்கைக் கீரையே சிறந்தது. பசலையில் சத்து இருந்தும் அதிலுள்ள ஒருவகை அமிலம் அதைப் பிணைத்து வைத்துக்கொள்கிறது. மீன் உண்போர் நெத்திலியை முள்ளோடு உண்பது மிக நன்று. பால்சுறாப் புட்டையும் தடையின்றி உண்ணலாம். அதில் பால் என்பது பெயரளவே. இவற்றோடு, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவத்திற்குப் பின் ஆறு மாதம் வரை வழங்கப்பெறும் 500 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து மாத்திரையை நாளைக்கு இரண்டு வீதம் உண்ண வேண்டும். பெட்டியில் போட்டு வைத்துவிடும் வழக்கம் நம்மிடையே மிகுதி. இரும்புச்சத்து மாத்திரையை இதனுடன் சேர்த்து விழுங்கலாகாது. இரண்டு மணி நேரமேனும் இடைவெளி வேண்டும்.

சைவ உணவு கொள்ளும் இல்லங்களுக்கு ஒன்றைத் தனியே வற்புறுத்துகின்றோம். பி12 என்னும் உயிர்ச்சத்து எந்தத் தானியத்திலும் பருப்பிலும் கீரையிலும் இல்லை. மீன், இறைச்சி, முட்டை உண்ணாதோர்க்குப் பாலும் தயிருமே அதற்கு வழி. அவ்வழியும் மாதக்கணக்கில் அடைபட்டால் தாய்ப்பாலிலும் அச்சத்து குறையும். குழந்தை வெளிறிச் சோர்ந்து கிடக்கும், கற்ற சிரிப்பையும் நின்ற தலையையும் மறக்கும், கைகால் நடுங்கும், மூளை வளர்ச்சியே கெடவும் கூடும். நிலக்கடலையும் எள்ளும் இங்கு உதவமாட்டா. வைத்தியரிடம் கேட்டு மாத்திரையோ ஊசியோ பெறுவதே வழி. முட்டை மட்டும் உண்போர் தினம் இரண்டு உண்டால் ஓரளவு காப்பு.

பால் மறைந்திருக்கும் இடங்கள் பல. பிஸ்கட், ரொட்டி, கேக், சாக்லேட், மோர்மிளகாய், ரவா தோசையில் சேர்க்கும் புளித்த மோர் எனப் பட்டியல் நீளும். பழனிப் பஞ்சாமிர்தத்திலும் நெய் உண்டு. நெய்யில் புரதம் மிகச் சொற்பமே. ஆயினும் சோதனை வாரங்களில் அதனையும் விலக்குதல் நலம். பிரசவ லேகியத்தை நெய்க்கு மாறாக நல்லெண்ணெயில் கிளறச் சொல்லலாம். பொட்டலங்களின் மேல் கேசின், வே, பால் திடப்பொருள் என்று காணப்படின் அவையும் பாலே. அரசு தரும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் வரும் பொருள்களையும் இவ்வாறே பார்த்து உண்ண வேண்டும். அட்டையில் பெரும்பாலும் ஆங்கிலமே இருப்பதால் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளைக் கொண்டு படிக்கச் செய்யலாம்.

பத்தியத்தைப் பற்றியும் ஒரு சொல். நிலக்கடலை பித்தம், கேழ்வரகு குளிர்ச்சி, பருப்பு மந்தம் என்று மாமியார் கூறும்போது மறுத்துப் பேசுவது பச்சையுடம்புக்காரிக்கு எளிதன்று. அதை நாம் அறிவோம். கூழாகக் கரைத்துக் குடிப்பதற்குத் தடை சொல்வோர் சுடச்சுடக் களியாகக் கிண்டினால் ஒப்புக்கொள்வர். கடலையை வறுத்து இஞ்சி, பூண்டோடு துவையலாக அரைத்தால் ஒருவரும் குறை சொல்வதில்லை. ஆயினும் பாலையும் விலக்கிப் பருப்பையும் கடலையையும் ஒருசேர விலக்கும் பத்தியம் தாய்க்குக் கேடென்பதை வீட்டுப் பெரியவர்கள் உணர வேண்டும். இதைச் சுகாதாரச் செவிலியரைக் கொண்டு சொல்லச் செய்வது எளிதான வழி.

தறியில் அமரும் தாய்க்குப் பொருளைவிட நேரமே தட்டுப்பாடு. காலையில் பாலோடு ஒரு தம்ளர் தேநீர் அருந்தி நண்பகல் வரை நெய்வோர் பலர். பாலில்லாத சுக்குக்காப்பி மட்டும் அந்த இடத்தை நிரப்பாது. ஆதலால் எள்ளுருண்டை இரண்டு, அல்லது கடலை மிட்டாய், அல்லது ஒரு கிண்ணம் சுண்டல் தறியருகே மூடி வைத்திருந்து, குழந்தைக்குப் பாலூட்டும் ஒவ்வொரு வேளையும் தாமும் உண்டு தண்ணீர் குடிக்கும் வழக்கம் மிகவும் பயனுடையது. தார் சுற்றும் பெரியவர்கள் அதைத் தாங்களே எடுத்துக் கொடுத்தால் மறதிக்கு இடமிராது. கடையில் விற்கும் சோயாப் பாலுக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை. சில குழந்தைகளுக்குச் சோயாவும் ஒவ்வாது. தேங்காய்ப்பால் குழம்புக்கும் ஆப்பத்துக்கும் நன்று, கலோரியும் தரும். ஆனால் புரதத்திலும் சுண்ணாம்புச் சத்திலும் அது பாலுக்கு ஈடன்று.

ஒவ்வாமை உறுதியான குழந்தைகளும் பெரும்பாலோர் அதனைக் கடந்துவிடுகின்றனர். ஏறக்குறைய ஆறு மாதம் விலக்கிய பின்னரோ, குழந்தைக்கு ஒன்பது மாதம் முதல் ஓராண்டு ஆகும்போதோ, வைத்தியர் மீண்டும் சோதித்துப் பார்ப்பார். வழக்கமாக, மாவோடு கலந்து நன்கு வெந்த பாலில் தொடங்கிப் படிப்படியாகத் தயிருக்கும் பின்னர்ப் பாலுக்கும் செல்வது முறை. அந்நாளைத் தள்ளிப்போடாமல் கேட்டுக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.