ஜே 9, சி 9, பி 0

எங்கள் வீட்டுக்கு டிக்கெட் போட்டுத் தருபவர் மண்ணடியில் கடை வைத்திருக்கும் ஒரு பாய். லண்டனில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அம்மாவை அனுப்ப வேண்டும் என்று அவரிடம் போயிருந்தேன். அம்மாவுக்கு வயது எழுபத்து நான்கு, இரண்டு முழங்காலும் மக்கர். பத்து மணி நேரத்துக்கு மேல் காலை மடக்கி உட்கார முடியாது. "பிசினஸ் கிளாஸ்ல எவ்வளவு பாய் ஆகும்?" என்றேன். அவர் விலையைச் சொல்லாமல் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். அதில் இருந்தது ஒரே வரி: ஜே 9, சி 9, டி 5, இஸட் 1, பி 0.

"எல்லாம் ஒரே சீட்டுதான் தம்பி. விலைதான் அஞ்சு" என்றார்.

இந்த எழுத்துகளுக்கும் இருக்கை வரிசைகளுக்கும் சம்பந்தமில்லை. ஒரே அறையை விமான நிறுவனம் கணக்கில் பல பக்கெட்டுகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. பக்கத்தில் உள்ள எண், அந்த விலையில் எத்தனை டிக்கெட் கிடைக்கும் என்பதைக் காட்டுகிறது. ஒன்பது என்றால் ஒன்பது அல்லது அதற்கு மேல்; திரை அதற்கு மேல் எண்ணிக் காட்டாது. பொதுவாக ஜே முழு விலை, கடைசி நேரத்திலும் மாற்றிக்கொள்ளலாம். மற்ற எழுத்துகளின் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பாய் காட்டிய விமானத்தில் பி தான் அடிமட்டம்: முன்கூட்டியே வாங்க வேண்டும், ரத்து செய்தால் பெரும்பாலும் பணம் வராது. படுக்கையும் சாப்பாடும் ஜே வாங்கியவருக்கும் பி வாங்கியவருக்கும் ஒன்றுதான்.

பி-யை மூடியது யார்? ஒரு கணக்கு. அப்போது பிஓஏசி என்றிருந்த பிரிட்டிஷ் விமான நிறுவனத்தில் வேலை பார்த்த கென் லிட்டில்வுட் 1972-ல் அதை எழுதி வைத்தார். கணக்குக்காக, மலிவு டிக்கெட் ஒன்றரை லட்சம், முழு விலை நாலரை லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இன்று ஒருவர் ஒன்றரை லட்சத்தை நீட்டுகிறார். அந்த இருக்கைக்கு முழு விலை கொடுக்கும் ஆள் பின்னால் வருவதற்கான வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்கு மேல் இருந்தால், இன்று வந்தவரைத் திருப்பி அனுப்புவதே லாபம். குறைவாக இருந்தால் கையில் வந்ததை வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும். காய்கறிக் கடைக்காரர் சாயங்காலம் மனக்கணக்காகப் போடுவதுதான் இது. விமான நிறுவனமோ பழைய பயணங்களின் பதிவுகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விமானத்துக்கும் பல மாதங்களுக்கு முன்பிருந்தே இதைத் திரும்பத் திரும்பப் போடுகிறது. 1985-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இந்த வழியில் சில இருக்கைகளை மட்டும் அடிமாட்டு விலைக்குத் திறந்துவிட்டு, எல்லா இருக்கையையும் மலிவாக விற்றுவந்த பீப்பிள் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தைத் திணறடித்தது. 1987-க்குள் அது வேறொரு நிறுவனத்தோடு கரைந்துவிட்டது.

ஆக, தூரத்துக்கோ படுக்கைக்கோ யாரும் விலை போடவில்லை. நீங்கள் யார் என்ற ஊகத்துக்குத்தான் விலை. பிசினஸ் கிளாஸ் பிறந்த கதையே அப்படித்தான். 1970-களின் பிற்பகுதியில், முழு எகானமிக் கட்டணம் கட்டிவந்த கம்பெனிக்காரர்கள், பாதி விலையில் வந்த சுற்றுலாக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து முணுமுணுத்தார்கள். அவர்களைத் தனியாக உட்காரவைக்கப் போட்ட தடுப்புதான் பிறகு தனி வகுப்பாக வளர்ந்தது. அந்த அறையில் முழுதாகப் படுக்கும் கட்டிலை பிரிட்டிஷ் ஏர்வேஸ் போட்டது 2000-ல்தான்.

மலிவு டிக்கெட் வேண்டுமா, கம்பெனிக்காரர் மாதிரி நடந்துகொள்ளாதீர்கள். அவர் ஞாயிறு இரவோ திங்களோ கிளம்புவார், வெள்ளிக்குள் வீடு திரும்ப வேண்டும் அவருக்கு, டிக்கெட் போடுவது கடைசி வாரத்தில். நீங்கள் புதன்கிழமை கிளம்புங்கள், சனிக்கிழமை இரவை அங்கே கழியுங்கள், போக வர இரண்டையும் சேர்த்து வாங்குங்கள். நீண்ட தூர பிசினஸ் கிளாஸில் ஒருவழி டிக்கெட் பல நேரம் இருவழி விலையை நெருங்கிவிடும். ஐரோப்பிய அலுவலகங்கள் காலியாகிற ஆகஸ்டிலும் கிறிஸ்துமஸ் வாரத்திலும், எகானமி நிரம்பி வழிந்தாலும், முன் அறையில் மலிவு பக்கெட் திறந்திருப்பது உண்டு.

கடைசி நாளில் காலி இருக்கையைக் கொட்டிக் கொடுப்பார்கள் என்பது வெறும் நம்பிக்கை. அவசரமாகப் பறக்கும் ஆளுக்காகத்தானே அதைப் பூட்டி வைத்திருக்கிறார்கள்! இன்னொரு விஷயம், இதைப் பாய் சொல்லித்தான் எனக்கே தெரியும். இஸட்டில் ஒரே இடம் இருக்கும்போது இரண்டு பேருக்குச் சேர்த்துத் தேடினால், கணினி இருவரையும் டி விலைக்குத் தூக்கிவிடும். ஒவ்வொருவராகத் தேடிப் பார்த்தால் ஒருவருக்காவது மிச்சம்.

எந்த ஊரில் பயணம் தொடங்குகிறது என்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தியாசம். லண்டனில் வங்கிக்காரர்கள் அதிகம். அங்கிருந்து கிளம்பும் நேர் விமானத்துக்கு எந்த விலை சொன்னாலும் வாங்க ஆள் உண்டு. போதாததற்கு 1994 முதல் பிரிட்டன் வசூலிக்கும் பயணி வரி, நீண்ட தூர பிசினஸ் கிளாஸில் 200 பவுண்டுக்கு மேல். டப்ளினில் அந்த வரி இல்லை, வங்கிக்காரர்களும் குறைவு. அதனால் டப்ளினில் தொடங்கி லண்டன் வழியாக நியூயார்க்கோ சிங்கப்பூரோ போகும் டிக்கெட், லண்டனில் ஏறுவதைவிட மலிவாக இருப்பது அடிக்கடி நடக்கிறது. அதே விமானம், அதே இருக்கை! லண்டன்வாசிகள் இதற்காகவே முதல் நாள் டப்ளினுக்குப் போய்த் தங்குகிறார்கள். போகாமல் ஏமாற்ற முடியாது. முதல் துண்டில் ஏறாவிட்டால் மீதி டிக்கெட் முழுவதும் ரத்தாகிவிடும்.

சென்னைக்காரர்களில் சிலர் இதே கணக்கில் கொழும்பு விலையையும் பார்க்கிறார்கள். பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் சென்னை–கொழும்பு டிக்கெட் தனி. அது தாமதமானால் அடுத்த விமானம் உங்களுக்காகக் காத்திருக்காது, பணமும் போச்சு. ஒரு ராத்திரி தங்கும் செலவையும் இலங்கை நுழைவு அனுமதியையும் சேர்த்துத்தான் லாபம் பார்க்க வேண்டும். இந்தியாவில் மேல் வகுப்புகளுக்கு வரியும் ஏறியிருக்கிறது: 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம் ஜிஎஸ்டி; எகானமிக்கு 5 சதவீதம்தான்.

வளைகுடா வழியாகப் போனால் விலை இறங்கும். நேர் விமானத்தோடு போட்டி போட வேண்டுமே! ஆனால் வாங்குமுன் இரண்டு துண்டுக்கும் விமான வகையைப் பாருங்கள். முதல் நாலு மணி நேரம் கொஞ்சம் சாயும் நாற்காலியாகவும், கட்டில் இரண்டாவது துண்டில் மட்டும் என்றும் இருக்கலாம். எகானமி டிக்கெட்டை வாங்கிவிட்டு மேம்படுத்த ஏலம் கேட்கும் வசதி பல நிறுவனங்களில் உண்டு. கிடைத்தால் சரி, முழங்கால் வலிக்காரரை அதை நம்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

தங்கையிடம் பேசினேன். சக்கர நாற்காலியில் இன்னொரு விமான நிலையத்தில் அம்மா காத்துக் கிடக்க வேண்டாம், நேர் விமானம்தான் என்று அவள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். அம்மாவுக்கு நாள் கிழமை அவசரம் எதுவும் இல்லை, மூன்று மாதம் தங்கப்போகிறாள். பாய் தேதியை ஒவ்வொன்றாகத் தள்ளித் தட்டினார். வெள்ளி, பி 0. திங்கள், பி 0, இஸட்டும் 0. அடுத்த வாரம் செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை வரியில் அவர் விரல் நின்றது: பி 2.

"அம்மா பேரைச் சொல்லுங்க தம்பி. பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியே."